நாற்பத்தோரு பெட்டிகளும் ஓர் உடைப்பும்

திருத்துறைப்பூண்டியில் இறங்கி 'பகலவன்' என்று பேரைச் சொன்னால் போதும், "யாரு, ஷார்ஜாவுல பேங்க்கை உடைச்சுட்டு வந்தானே, அவனா?" என்று கேட்பார்கள் என எனக்குச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் வளர்ந்திருந்தது. டீக்கடையில் அது பேங்க். முடிதிருத்தும் கடையில் விமான நிலையம். நாலு மணி நேரம் ஒரு விமானமும் ஏறவில்லை, இறங்கவில்லை. தேங்காய் மண்டிக்காரர் மட்டும் கொஞ்சம் அடக்கமானவர். "பேங்க்கெல்லாம் சும்மா பேச்சுங்க. ஏதோ ஷேக்கு வீட்டு பீரோவாம்" என்றார்.

மூவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். 'ஆமாம், நான்தான் செய்தேன்' என்று அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பகலவன் விமானம் ஏறினார். அதற்குமேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்?

காகிதம் உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை விசாரிக்க ஜெகபர் அலியின் மளிகைக் கடைக்குப் போனேன். தன் மைத்துனர் மூலம் பகலவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். பிறகு பதினோரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தவரும் அவர்தான்.

கடையில் அரிசி மூட்டைகளுக்கு அடியில், ஈரம் ஏறாமலிருக்க ஒரு பலகை கிடந்தது. குனிந்து பார்த்தால் 'நெட் சென்டர்' என்ற எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. இந்தக் கடை எனக்கு முன்னமே தெரியும். தொண்ணூற்று மூன்றில் இங்கே எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று வெளியே காத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்று மட்டும் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இரண்டாயிரத்தில் இணையம் வந்தது.

ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து பலகைத் தடுப்பு, ஐந்து பூப்போட்ட திரை. கல்லா மேசையில் பகலவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்திருந்தார். அப்பா சாமிதுரை, பண்ணையில் கூலிக்கு உழுதவர். பிறகு சொந்தமாக எட்டு மா நிலம் வந்தது. பகலவன் என்ற பெயர் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் வைத்தது. மோடம் லைன் பிடிக்கும் சத்தம், தகர டப்பாவில் தவளைகளை அடைத்து உலுக்கினாற்போல் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் நின்றதும் வாசலில் நிற்கிற பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார்கள்.

"தம்பி, எங்க வூட்டுக்காரர் மெயில் போட்டுருக்காரான்னு பாருங்க."

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வந்த கடிதங்கள். பகலவன் தாழ்ந்த குரலில் படிப்பார். பாதியில் ஒரு வரி வரும். "இதுக்கு மேல நீங்களே படிச்சுக்குங்கக்கா" என்று எழுந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்தே பழகியது அந்த மிச்ச வரிகளைப் படிப்பதற்காகத்தான் என்பது என் ஆராய்ச்சி.

பிறகு இரண்டாயிரத்து நாலின் அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்ளே வந்துவிட்டுப் போயிருந்தது. நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து லாரியில், டிராக்டரில், நடந்து என்று சனம் உறவுக்காரர் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போன் எதுவும் போகவில்லை; உள்ளூர் லைனில் மோடம் மட்டும் எப்படியோ பிடித்தது. வளைகுடாவில் இருக்கிறவர்கள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் யார் மிச்சம் என்று தெரியாமல் நின்றார்கள்.

"கடையைத் திற. யாருகிட்டயும் எதுவும் கேக்காத" என்றார் ஜெகபர் அலி.

வந்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாக மெயில் அடிக்க மூன்று நாளாகும். பகலவன் வேறு வேலை செய்தார். வருகிறவர்களின் பெயர், ஊர், உடன் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக அடித்தார். சென்டரின் நீளநோட்டில் அத்தனை வருஷமும் எழுதி வைத்திருந்த முந்நூற்றுச் சொச்சம் விலாசங்களுக்கும் அதை ஒரே மெயிலாக அனுப்பினார். மணிக்கு ஒரு தடவை. யாருக்கு யார் சொந்தம் என்று பார்க்கவில்லை. எல்லாருக்கும் எல்லாரும் போனார்கள். ஷார்ஜாவில் ஒரு அறையில் பன்னிரண்டு பேர் அந்த மெயிலைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் பெயர்களைத் தேடினார்கள். அவர்களில் ஒருவர் நௌஷாத். ஜெகபர் அலியின் மைத்துனர். வந்தவர்கள் தங்கியிருந்த கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போட ஓடியிருந்த அக்கா, ஜெகபர் அலியின் மனைவி மெஹராஜ் பேகத்தின் பெயர் அவருக்கு நாலாவது மெயிலில் கிடைத்தது.

"மச்சான், அந்த மெயில் அனுப்புன ஆளை இங்க அனுப்பி வைங்க. எங்க கம்பெனியில இடம் இருக்கு."

இப்படித்தான் பகலவன் இரண்டாயிரத்து ஆறில் விமானம் ஏறினார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொன்னதற்காகக் கிடைத்த வேலை. அதே காரணத்துக்காகத்தான் அந்த வேலை போகவும் போனது.

அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். ஃபயர்வால் பெட்டிகளை வாங்கி, கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மாட்டிக் கொடுப்பது அவர்கள் தொழில். ஃபயர்வால் என்றால் வாசலில் நிற்கிற காவல்காரன். வெளியிலிருந்து வருகிற எதையும் அதுதான் பார்த்து உள்ளே விடும். அந்தக் காவல்காரனுக்கு என்ன கோளாறு என்று ஜெகபர் அலி எனக்கு விளக்க ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே குழம்பிவிட்டது. உள்ளிருந்து மெஹராஜ் பேகம் வந்தார்.

"நீங்க இருங்க, நான் சொல்றேன். எங்க உம்மா சீட்டு எழுதிக் கடைக்கு அனுப்புவாங்க. பருப்பு, புளி, வத்தல்னு. நௌஷாத்துதான் எடுத்துட்டுப் போவான். போற வழியில அடியில ஒரு வரி சேத்துப்பான். பேரீச்சம்பழம் அரைக் கிலோ. கடைக்காரருக்கு என்ன தெரியும்? சீட்டுல இருக்கறதைக் கட்டிக் குடுக்கறதுதான் அவரு வேலை."

"எத்தனை நாள்?"

"மூணு மாசம்! வயித்து வலின்னு ஒருநாள் படுத்தப்பறந்தான் வெளியில வந்துச்சு. அதுலேர்ந்து உம்மா கடைசிச் சாமானுக்கு அடியில கோடு போட்டு, 'மொத்தம் ஒன்பது'ன்னு எழுதுவாங்க. நானும் இன்னிவரைக்கும் அப்படித்தான். அந்தப் பெட்டியைச் செஞ்சவன் கோடு போடல. அவ்வளவுதான் சார் விஷயம். இதுக்குப் போயி இவரு என்னென்னமோ சொல்றாரு."

இதைவிடத் தெளிவாக எழுத எனக்கும் வராது. பெட்டியில் ஒரு சோதனைப் பக்கம் உண்டு. தூரத்துக் கம்ப்யூட்டரின் விலாசத்தைக் கொடுத்து, அது பதில் சொல்கிறதா என்று பார்க்கலாம். கொடுத்த விலாசத்தைப் பெட்டி அப்படியே தன் உள்ளே வேலை செய்கிறவனிடம் நீட்டிவிடும். விலாசத்துக்குப் பின்னால் ஒரு அரைப்புள்ளி வைத்து இன்னொரு கட்டளையைச் சேர்த்து எழுதினால், உள்ளே இருப்பவன் அதையும் பேரீச்சம்பழமாகக் கட்டிக் கொடுத்துவிடுவான்.

இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கம்பெனிக்கு விடுமுறை. ஞாயிறன்று மாட்ட வேண்டிய பெட்டி ஒன்றைத் தயார் செய்ய பகலவன் தனியாக வந்திருந்தார். அடிக்கடி அடிக்கிற கட்டளைகளை ஒரே வரியில் சேர்த்து எழுதி வைத்திருந்தார். விலாசத்தை மட்டும் ஒட்டுவதற்குப் பதில் முழு வரியையும் ஒட்டிவிட்டார். பெட்டி விலாசத்துக்குப் பதில் சொன்னது. பிறகு தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் வரிசையாகக் கொட்டிற்று. அவர் பெட்டியின் பக்கத்திலிருந்து வெளியேறி, கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல் அதே வரியை அனுப்பிப் பார்த்தார். அப்போதும் கொட்டிற்று. நீ யார் என்று கேட்பதற்கு முன்பே சொன்னதைச் செய்கிற காவல்காரன்.

அதே ரகப் பெட்டிகளை அவர் கையாலேயே நாற்பத்தோரு இடங்களில் மாட்டியிருந்தார். எல்லாவற்றிலும் அந்தப் பக்கம் வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி திறந்தே இருந்தது.

இந்த இடத்தில் நான் கடையை விட்டுச் சாமிதுரையின் வீட்டுக்குப் போனால்தான் உங்களுக்கு மேற்கொண்டு விளங்கும். ஊருக்குத் தெற்கே கடைமடைக் கிராமம். காவிரி அங்கே வந்து சேர்வதற்குள் பாதித் தண்ணீரை மேலே இருப்பவர்கள் குடித்துவிடுவார்கள்; ஐப்பசி மழையில் மட்டும் மொத்தத்தையும் கீழே தள்ளிவிடுவார்கள். அப்போது வாய்க்கால் கரை உடையும்.

"உடைப்பை மொதல்ல பாக்குறவன் கத்தணும் சார்" என்றார் சாமிதுரை. "யார் வயலு, யார் கரைன்னு பாக்கப்படாது. எந்த எடம்னு சரியாச் சொல்லிக் கத்தணும். 'ரெட்டைப் பனைக்குக் கீழ, களத்து மூலை'ன்னு. அப்பறம் அந்த எடத்தை வுட்டு நகரப்படாது. வைக்கோலும் சாக்கும் வர்ற வரைக்கும் உடைப்புல முதுகைக் குடுத்து உக்காந்துக்கணும். நான் ஒரு தடவை ஒரு பொழுது பூரா உக்காந்திருக்கேன்."

"பாத்துட்டுக் கத்தாமப் போனா?"

"அவன் வூட்டுல யாரும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க."

"மொதல்ல பாத்தவன் மேலயே சந்தேகம் வராதா? இவனே வெட்டி விட்டிருப்பான்னு?"

சாமிதுரை என்னைப் பார்த்த பார்வையில், நான் டவுனில் பிறந்தவன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "வெட்டுனவன் எங்கயாவது கத்துவானா சார்?"

ஆகவே ஷார்ஜாவில், அந்த வெள்ளிக்கிழமை காலை, பகலவன் கத்தினார். மேனேஜர் போனை அணைத்து வைத்திருந்தார். நௌஷாத் தொழுகைக்குப் போயிருந்தார். பகலவன் நாற்பத்தோரு வாடிக்கையாளர்களுக்கும், மேனேஜருக்கும், பெட்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் ஒரே மெயில் அனுப்பினார். எந்தப் பக்கம், எந்தக் கட்டம், அரைப்புள்ளிக்குப் பின் எதை அடித்தால் என்ன ஆகும் என்று ரெட்டைப் பனைக்குக் கீழே, களத்து மூலை என்கிற துல்லியத்தோடு எழுதினார். பிறகு உடைப்பில் உட்கார்ந்தார். அதாவது அதே ஓட்டை வழியாக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போய், வெளியிலிருந்து தெரிகிற அந்தப் பக்கத்தை உள்ளிருந்து மூடிக்கொண்டே வந்தார்.

வாய்க்காலில் உடைப்பு எங்கே என்று கத்தினால் மண்வெட்டியோடு ஆள் வரும். இந்தத் தொழிலில் உடைப்பு எங்கே என்று கத்தினால் தண்ணீர்தான் முதலில் வரும். பகலவனுக்கு இது தெரியாது. கடைமடையில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? முப்பத்தெட்டாவது பெட்டியில் அவர் இருந்தபோது, ஒரு பல் ஆஸ்பத்திரிக்காரரின் மருமகன் மெயிலைப் படித்துவிட்டு, சொன்னது நிஜமா என்று பார்க்கத் தங்கள் பெட்டிக்கே அரைப்புள்ளி வைத்து 'அணைந்துபோ' என்று கட்டளை கொடுத்தார். மரியாதையான பெட்டி. அணைந்தது. அரை நாள் அங்கே யாருடைய பல்லையும் பிடுங்க முடியவில்லை. திருத்துறைப்பூண்டி முடிதிருத்தும் கடையில் நின்றுபோன விமானங்கள் இவைதான்.

மாலையில் மேனேஜர் வந்தார். மிச்சம் மூன்று பெட்டி இருக்கும்போது பகலவனை நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள். குற்றம் இரண்டு. கம்பெனி ரகசியத்தை ஊருக்குச் சொன்னது. முப்பத்தெட்டு வாடிக்கையாளர்களின் பெட்டிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தது. ஓட்டை யாருடையது என்கிற கேள்வி குற்றப்பட்டியலில் இல்லை. கையெழுத்துப் போட்டால் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும்; போடாவிட்டால் போலீஸ்.

நௌஷாத் தலையில் அடித்துக்கொண்டாராம். "ஏன்டா, ஊருக்கெல்லாமா தண்டோரா போடுவே? என்கிட்ட மட்டும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உடைப்புன்னா கத்தத்தானேண்ணே வேணும்."

"இது வாய்க்கால் இல்லடா!"

"தண்ணி உள்ள வந்தா எல்லாம் வாய்க்கால்தாண்ணே. அந்த மூணை மட்டும் அடைச்சிடச் சொல்லுங்க."

"மொதல்ல கையெழுத்தைப் போடுடா, பகலா. ஊருக்குப் போயி உசுரோட பேசிக்கலாம்."

'அனுமதியின்றி நுழைந்தேன்' என்று காகிதத்தில் இருந்தது. நுழைந்தது உண்மைதானே என்று பகலவன் போட்டுவிட்டார். அறைத் தோழர் ஒருவர் அதைப் படித்தார். பகலவன் திருச்சியில் இறங்குவதற்குள் காகிதம் திருத்துறைப்பூண்டிக்கு வந்துவிட்டது. வரும் வழியிலேயே பேங்க்காகவும் ஆகிவிட்டது.

வீட்டில் அம்மா அம்சம் அழுதார். சாமிதுரை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அடைச்சியா?"

"முப்பத்தெட்டு அடைச்சேன்ப்பா. மூணு பாக்கி."

"மூணு பாக்கியா? அதுக்குள்ள ஏன்டா எழுந்தே?"

வேலை போனது பற்றி அவர் பேசவே இல்லையாம். அந்த மூன்றைப் பற்றி ஒரு வாரம் திட்டியிருக்கிறார். மகனுக்கும் சோறு இறங்காமல் இருந்தது அந்த மூன்றினால்தான். அவற்றை நௌஷாத் அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமையே யாருக்கும் தெரியாமல் போய் மூடிவிட்டார் என்பது பின்னால் தெரிந்தது. விசாவுக்குப் பொறுப்பேற்றவர் என்பதால் நௌஷாத்தைக் கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலைக்கு இறக்கியிருந்தார்கள். ஜெகபர் அலி பேச்சை நிறுத்தியது அதனால்தான்.

"கோவம் இல்லாம இருக்குமா சார்?" என்றார் ஜெகபர் அலி. "எம் பேரைச் சொல்லிப் போன புள்ள. கடைக்கு எதுத்தாப்புல நடந்து போவான், நான் தராசைப் பாத்துக்கிட்டு இருப்பேன். தராசுல ஒண்ணும் இருக்காது."

அம்சம் சொன்னது இன்னொன்று. "மூணு எடத்துல பொண்ணு கேட்டோம். மூணு எடத்துலயும் காப்பி குடுத்தாங்க, பலகாரம் குடுத்தாங்க, 'அந்தப் பேங்க்கு விசயம் என்னாச்சு'ன்னு கேட்டாங்க. எம் புள்ள ஒரு வெள்ளரிக்கா பறிச்சிருக்க மாட்டான் அடுத்தவன் கொல்லையில."

அடுத்த வருஷம் பிப்ரவரியில், பெட்டியைச் செய்த கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஆமாம், எங்கள் பெட்டியில் ஓட்டை இருந்தது, இதோ அதை அடைக்கிற ஒட்டு, உடனே போட்டுக்கொள்ளுங்கள். நௌஷாத் மூலம் செய்தி தெரிந்ததும் மெஹராஜ் பேகம் ஆள் அனுப்பிப் பகலவனைக் கடைக்கு வரவழைத்தார். அப்போது நெட் சென்டரில் மிச்சம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். பழைய நாற்காலியில் பகலவனை உட்காரவைத்து, கணவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"படி தம்பி. சத்தமாப் படி. நிறுத்தாமப் படி. ஃபேனைப் பாக்கப் போவாத."

பகலவன் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டை எங்கள் தவறு என்ற இடத்தில் ஜெகபர் அலி தொண்டையைக் கனைத்தார். கடைசியில் நன்றி என்று ஒரு வரி.

"நன்றி யாருக்குப் போட்டிருக்கான்?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார் ஜெகபர் அலி.

பகலவன் படித்தார். "இதைக் கண்டுபிடித்துச் சொன்ன, பெயர் வெளியிட விரும்பாத ஒருவருக்கு."

ஜெகபர் அலி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிப் பகலவனைப் பார்த்தார்.

"நீ விரும்பலையா தம்பி?" என்றார். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர் பகலவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"யாருமே கேக்கலீங்க பாய்."

நாற்பத்து மூன்று விலாசங்களுக்குத் தன் பெயரோடு கத்திய மனிதரைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள். பகலவன் அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார். பதில் மரியாதையாக வந்தது. தங்கள் பெயரைச் சேர்க்க ஆவன செய்யப்படும். அன்பளிப்பாக ஒரு டி-சர்ட் அனுப்புகிறோம், அளவு சொல்லவும். சொன்னார். டி-சர்ட் வந்தது. கறுப்பு, நெஞ்சில் கம்பெனி முத்திரை, இரண்டு பேர் உள்ளே போகலாம். நான் போயிருந்தபோது சாமிதுரை அதைப் போட்டுக்கொண்டுதான் நாற்றங்காலில் நின்றார். சாயம் போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. பெயர் வரவில்லை.

இப்போது இரண்டாயிரத்துப் பதினைந்து. பகலவன் வலங்கைமான் வரைக்கும் போய் ஆஸ்பத்திரிகளுக்கும் ரைஸ்மில்களுக்கும் ஃபயர்வால் மாட்டுகிறார். எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் ஒரு அரைப்புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உறையைக் கழற்றுகிறார். வேலைக்குக் குறைவில்லை. காரணத்தை ஒரு ரைஸ்மில் முதலாளி எனக்கு விளக்கினார். "பேங்க்கையே உடைச்ச ஆளு சார். அவரு பூட்டுனா யாரு தொறப்பா?"

ஆக, வதந்திதான் அவருக்கு விளம்பரம். இதை நான் பகலவனிடம் சொன்னேன். உண்மையை எழுதினால் உங்கள் பிழைப்பில் மண் விழும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"உழுந்தா உழட்டும் சார். நான் உடைக்கலன்னு எழுதுங்க. கத்துனேன்னு எழுதுங்க."

வருஷா வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்ததும் அவர் அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுகிறார். வருஷா வருஷம் 'தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று பதில் வருகிறது. நான் இருந்த அன்று மெஹராஜ் பேகம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ரெண்டு பக்கம் கதை எழுதுறே. அவன் எதைன்னு குடுப்பான்? சீட்டு மாதிரி எழுது. ஒரே சாமான். அடியில கோடு போடு."

எங்கள் முன்னாலேயே பகலவன் செல்போனில் அடித்தார். என் பெயர், பகலவன், தந்தை பெயர் சாமிதுரை. அடியில் ஒரு கோடு. மொத்தம் ஒன்று.

அனுப்பி நாலு மாதமாகிறது. நேற்றுக்கூட அந்த அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர் வெளியிட விரும்பாத அந்த ஒருவர் அங்கேயேதான் இருக்கிறார்.